புகைக்கொட்டகைக்குப் பூட்டு

செப்டம்பர் 3

இந்த ஊரில் யாருக்கு அவ்வளவு பசி?

காலையில், கறியும் மீனும் உலர்த்தும் புகைக்கொட்டகைக்குள் போனேன். நடுக்கழியில் ஒரு இடைவெளி. நேற்று மாலை அங்கே ஒரு தாள் மூஸ் மான் கறி தொங்கியது. இந்த வாரம் நான் வெட்டியதிலேயே நல்லது அதுதான். ஒரு ஓட்டை விழாமல், துணி போல விரிந்து வந்தது. அண்டங்காக்கை என்றால் கிழித்திருக்கும், தரையில் துணுக்குகள் கிடக்கும். நாய் என்றால் கீழ்க்கழியில் தொங்கும் வெள்ளைமீனை விட்டுவிட்டு மேலே தாவாது. கரடி என்றால் கொட்டகையே நின்றிருக்காது. மிச்சம் இருப்பது மனிதர்.

மனிதருக்கு இங்கே திருட வேண்டிய அவசியம் என்ன? யார் வாசலிலும் போய் நின்று "கறி இருக்கா?" என்றால் போதும். கொடுக்காதவரின் பெயர் அடுத்த பனி உருகும்வரை நாறும்.

செப்டம்பர் 5

இன்னொன்று. மறுபடியும் நல்லதாகப் பார்த்து.

செப்டம்பர் 6

சனிக்கிழமை. நாள் முழுக்கக் கறி வெட்டினேன்.

இசிதோர் — சித்தப்பா மகன் — போன வாரம் அடித்த மூஸ் மான். ஒரு பின்தொடை என் அண்ணன் மனைவி அல்போன்சினுக்கு, விதவை என்பதால். ஒன்று எனக்கு, இறந்தவனின் தங்கை என்பதால். அவன் கணக்கில் நியாயம்தான். என் அண்ணன் நார்சிஸ் இறந்து இருபத்தொன்றாம் தேதியோடு ஒரு வருஷம் ஆகிறது. படகு தானாகக் கரைக்கு வந்தது. அவன் அதில் உட்கார்ந்தபடியே இருந்தான்.

வெட்டுவது ஒன்றும் மந்திரம் இல்லை. கட்டியைப் பலகையில் வைத்து, கத்தியைப் படுக்கவைத்து அடிப்பக்கமாக ஓட்ட வேண்டும். முனைக்கு வரும்போது அறுத்து முடிக்காமல் திருப்ப வேண்டும். கட்டி சுருள் பிரிந்து ஒரே தாளாக விரியும். நான் இடது கைக்காரி. எனவே என் சுருள் எதிர்ப்பக்கம் பிரியும், கத்தித் தடம் எதிர்ப்பக்கம் சாயும். இந்த ஊரில் இடது கையால் வெட்டும் பெண் வேறு யாரும் இல்லை. செவரீன் அத்தை இன்று வந்து ஒரு தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உன் கறி எல்லாம் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குதுடி" என்று சொல்லி, அதிலேயே ஒரு ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு போனாள்.

ஒரு வருஷ விருந்தில் நெருப்புக்குக் கறி போடுவார்கள், இறந்தவன் சாப்பிட. முதல் வருஷம் அது மனைவி தன் கையால் வெட்டி உலர்த்திய கறியாக இருக்க வேண்டும். தங்கைக்கு அந்த இடம் இல்லை. நான் நெருப்பை நம்புகிறவள் அல்ல. தெற்கே எட்மன்டன் பட்டணத்தில் வேதியியல் படித்தேன். கறி எரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நார்சிஸ் நம்பினான். அதனால் என் கை வெட்டிய ஒரு துண்டாவது அதில் விழவேண்டும் என்று நினைக்கிறேன். இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

செப்டம்பர் 7

அல்போன்சின் வந்தாள். கூப்பிடாமல் வந்தாள், உட்காராமல் நின்றாள். ஒரு கை மேற்சட்டைப் பைக்குள், எப்போதும்போல. மகாராணி ஊரைப் பார்வையிட வந்ததுபோல.

"நெருப்பு பெருசா இருக்கு. ஆபீஸ் ஹீட்டர்னு நினைச்சியா? மேல் தோல் வெந்துடும், உள்ள பச்சையாவே கெடக்கும்."

"பார்த்துக்கறேன்."

"பாரு பாரு. நல்லா பாரு." கழிகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். "மீனை ஆழமாக் கீறலையே? தோல் வரைக்கும் கீறணும், தோலைக் கீறக்கூடாது. உங்க அம்மா சொல்லித் தரலையா, இல்ல நீ அப்போ பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தியா?"

"நீங்க கவலைப்பட வேண்டாம்."

"நீங்க, வாங்க. எதுக்கு இந்த மரியாதை? அண்ணின்னு கூப்பிட வாய் வலிக்குதா?"

ஆமாம், வலிக்கிறது. அண்ணன் போன மறுநாள் அவன் உடைமைகளை எல்லாம் எரித்தவள் அவள். எரிப்பது வழக்கம்தான். ஆனால் அதில் ஒரு தோல் கோட்டு அம்மா தைத்தது. மணிவேலைக்கு மட்டும் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்தாள். ஒரு தடவை என் முகத்தைப் பார்த்து "வேணுமா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வழக்கம் என்று தெரிந்திருப்பதால் கோபம் குறைவதில்லை.

அவள் போன பிறகு எண்ணிப் பார்த்தேன். அவள் எதையும் தொடவில்லை. கையைத்தான் பைக்குள்ளேயே வைத்திருந்தாளே.

செப்டம்பர் 9

மீனும் போகிறது.

செப்டம்பர் 10

அல்போன்சினின் கொட்டகை என் ஜன்னலிலிருந்து தெரியும். பள்ளத்துக்கு அந்தப் பக்கம். காலை முதல் மாலைவரை மெல்லிய நீலப் புகை, நன்றாகக் காய்ந்த பாப்லர் விறகின் புகை, ஒரு நாளும் குறையாமல். ஊரில் அவள் கறிக்குப் பெயர் உண்டு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மறுபக்கம் ஏரி தெரியும் என்பார்கள். அவளுக்கு என் கறி எதற்கு? அப்படியானால் அவள் இல்லை.

அல்லது — என்னைச் சிறுமைப்படுத்த. விருந்துக்கு நான் வெறுங்கையோடு வந்து நிற்க வேண்டும் என்று. அது அவளால் முடியும். அது அவளுக்குப் பிடிக்கும்.

செப்டம்பர் 12

கடையில் அவளைப் பார்த்தேன். நான் பேசியிருக்கக் கூடாது. பேசினேன்.

"என் கொட்டகைல எலி நடமாட்டம். ரெண்டு கால் எலி."

கடைக்காரப் பெண் மாவுப் பையை நீட்டிய கையோடு அப்படியே நின்றாள். அல்போன்சின் அவசரப்படவில்லை. இடது முழங்கையை நீட்டி, பையை அதில் மாட்டிவிடச் சொன்னாள்; மற்ற கையை வெளியே எடுக்கும் சிரமம்கூட மகாராணிக்கு இல்லை. பிறகு திரும்பினாள்.

"அப்போ பூட்டிக்கோ. பட்டணத்துல காரைப் பூட்டுவீங்க, வீட்டைப் பூட்டுவீங்க, குப்பைத்தொட்டியக்கூடப் பூட்டுவீங்கல்ல? வாங்கிக்கோ, இங்கயே விக்கிறாங்க."

வாங்கினேன். அவள் கண்ணெதிரே. பித்தளைப் பூட்டு.

செப்டம்பர் 13

தாழ்ப்பாள் அடித்து முடித்தேன். கதவை இறுக்கி இழுத்தால்தான் பூட்டு விழுகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். இந்த ஊரில் புகைக்கொட்டகைக்குப் பூட்டுப் போட்டவர் இதற்கு முன் யாரும் இல்லை என்று நினைக்கிறேன். இசிதோர் வண்டியை நிறுத்தி, இறங்காமலே கேட்டான்:

"எஸ்தெல் அக்கா, மீன் ஓடிப்போகுதா? காலு இருக்கா அதுக்கு?"

"உன் வேலையைப் பாரு."

"பார்க்கறேன். அந்த மூஸ் நான் அடிச்சது. அது காட்டுல பூட்டில்லாமத்தான் நின்னுச்சு."

சிரித்துக்கொண்டு போய்விட்டான். ஆனால் மாலை அவன் மனைவி என்னைக் கடந்து போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செப்டம்பர் 14

மழை. எதுவும் காணாமல் போகவில்லை. சரிதான்.

செப்டம்பர் 15

மழை. அலுவலகத்தில் ஏரித் தண்ணீர் மாதிரிகளைச் சோதித்து முடிக்க மாலையாகிவிட்டது. கொட்டகைக்குப் போகவில்லை. பூட்டுத்தான் இருக்கிறதே.

செப்டம்பர் 16

போய்விட்டது. பாதிக்கு மேல் போய்விட்டது.

கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது அந்த நாற்றம், ஈரக் காலுறை போல. கறித்தாள்கள் வியர்த்து, ஒன்றோடொன்று ஒட்டி, மடிப்புகளில் வழுவழுப்பு. மீன்களின் கீறல்களுக்குள் வெள்ளைப் பூசணம். பகலெல்லாம் கதவை ஒரு கை அகலம் திறந்து வைக்க வேண்டும், புகை உள்ளே நிற்கவும் ஈரம் வெளியே போகவும். ஆறு வயதில் அம்மா என் வேலையாக வைத்தது அதுதான்: கதவுக்கு நடுவில் ஒரு விறகுக்கட்டையைச் செருகுவது. பூட்டினால் கட்டையை எங்கே செருகுவது? காற்று போகாத அறையில் ஈரம் எங்கே போகும்? இதைக் கேட்க வேதியியல் படித்தவள் தேவையில்லை. படித்தவளே கேட்கவில்லை.

இசிதோரின் நாய்களுக்குக் கொண்டுபோய்க் கொட்டினேன். நாய்கள் என்னைத் திட்டவில்லை.

திரும்பும் வழியில் செவரீன் அத்தை தன் வாசலிலிருந்தே கத்தினாள். "யாருக்காகடி காய வச்சே? பூட்டுக்கா? அது தின்னு முடிச்சிருச்சா?" தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

பூட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். கதவில் கட்டையைச் செருகினேன். மிச்சமிருப்பது சில தாள்களும் சில மீன்களும். எல்லாவற்றுக்கும் காரணம் அல்போன்சின். அவள் நாக்கு. நான் பூட்டு வாங்கியது அவள் நாக்கால்தான்.

இல்லை. நான் வாங்கியது என் கோபத்தால். எழுதிவைக்கிறேன், எழுதியதால் ஒன்றும் ஆறவில்லை.

செப்டம்பர் 18

பூட்டில்லாத முதல் வெயில் நாளிலேயே ஒரு தாள் போய்விட்டது. இருந்த கொஞ்சத்திலிருந்து! மிச்சத்தில் ஒழுங்காக இருந்ததே அதுதான்.

பதுங்கியிருந்து பிடிப்பதற்கு எனக்கு வயதில்லை. நேரே போய் அல்போன்சினிடம் கேட்பேன்.

செப்டம்பர் 20

கேட்டேன். வரிசையாக எழுதுகிறேன்.

சனிக்கிழமையும் அலுவலகத்தில் வேலை இருந்தது, மதியம் வந்தேன். வீட்டுக்குள் போகாமல் நேரே பள்ளத்தைத் தாண்டினேன். அவள் கொட்டகையிலிருந்து அதே நீலப் புகை. வாசலில் யாரும் இல்லை. உள்ளே போனேன்.

அடுப்பில் நெருப்பு, அளவான நெருப்பு, இதற்கு மேல் நன்றாக யாராலும் போட முடியாது. அதற்கு மேலே கழிகள். கழிகளில் எதுவும் இல்லை. வரிசை வரிசையாக வெறுங்கழிகள், புகை அவற்றைச் சுற்றிக்கொண்டு கூரைக்குப் போகிறது. இத்தனை நாளும் நான் ஜன்னலிலிருந்து பார்த்துப் பொறாமைப்பட்ட புகை!

மூலையில் மட்டும், வெள்ளைத் துணி விரித்த பெரிய எனாமல் பேசினில், என் கறி. என் மீன். அடுக்கி வைத்திருந்தாள். கத்தித் தடம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. கையில் எடுத்துப் பார்க்கவே தேவையில்லை.

"என்ன, சோதனை பண்ண வந்தியா?" பின்னால் அவள். "தண்ணி இல்லையே இங்க. புகைதான் இருக்கு."

"இது என் கறி."

"பேர் எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு. உங்களுக்கும் தெரியும்."

ஒரு அடி முன்னால் வந்தாள். பிறகு பைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. மடக்கி வைத்திருக்கவில்லை, மடங்கிப்போயிருந்தன. விரிக்க முயன்றாள், கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் அசைந்தது.

"ஏரில பனி உடைஞ்சதுல இருந்து இப்படித்தான். கத்திய வச்சா விழுந்துடுது. பார்த்தாச்சா? படம் எடுத்துக்கோ, உன் ஆபீஸ்ல மாட்டு."

"நர்ஸ்கிட்ட காட்டினீங்களா?"

"நர்ஸ் வந்து கறி வெட்டுவாளா?"

"இசிதோர் கொடுத்த தொடை?"

"ஃப்ரீசர்ல. கல்லு மாதிரி கெடக்கு. இந்தக் கையால அத என்ன பண்ண, கட்டிப்பிடிச்சு அழவா?"

நான் கேட்டேன் — ஏன் கேட்டேன்? — "என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"உன்கிட்டயா? 'எஸ்தெல், என் கை போச்சு, என் புருஷன் விருந்துக்குக் கொஞ்சம் வெட்டிக் குடும்மா'ன்னா? அதுக்கு இன்னொரு கையும் போயிருக்கலாம்."

"அதனால திருடினீங்க."

"எடுத்தேன். ஓட்டை இல்லாததாப் பார்த்து எடுத்தேன். தேடுறதுக்குள்ள கண்ணு போச்சு எனக்கு."

அதற்குப் பிறகு நான் கத்தினேன். அம்மாவின் கோட்டைப் பற்றிக் கத்தினேன். கறிக்கும் கோட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இப்போது கேட்டால் தெரியாது. அவள் குரலை உயர்த்தவில்லை.

"எரிச்சேன். அவனுக்கு அங்க குளிராதா? நீ வச்சிருந்தா என்ன பண்ணியிருப்ப? கண்ணாடிப் பெட்டில போட்டு, பக்கத்துல ஒரு அட்டை எழுதி வச்சிருப்ப."

பிறகு கதவை அகலமாகத் திறந்து, வழிவிட்டு நின்றாள்.

"போ. நாளைக்கு எல்லாரும் இருப்பாங்க. சொல்லு. அல்போன்சின் கறி இது இல்ல, என் கறின்னு சொல்லு. அப்புறம் நான் இந்த ஊர்ல எப்படித் தலையத் தூக்குறேன்னு பாரு. அதானே வேணும் உனக்கு?"

பேசினைத் தூக்கிக்கொண்டு வரவில்லை நான். கனமாக இருந்திருக்கும்.

ஆமாம், அதுதான் வேண்டும். ஒரு வருஷமாக அதுதான் வேண்டியிருந்தது. நாளை எல்லார் முன்னாலும் சொல்வேன். ஒரே வாக்கியம்: "அந்தக் கறி என்னுடையது, கேட்காமல் எடுத்தாள்." பொய் இல்லை, கூட்டல் இல்லை. சொல்லிவிட்டு வந்து தூங்குவேன்.

செப்டம்பர் 21

நடந்தது நடந்தபடி.

கரையில் நெருப்பு. நேற்றுவரை என்னைப் பார்த்து முகம் திருப்பியவர்கள் எல்லாரும் இருந்தார்கள். நான் என் பங்காக ரொட்டியும், மிஞ்சிய மீனும் கொண்டுபோனேன். அந்த எனாமல் பேசினை இடது முன்கையில் தாங்கி அல்போன்சின் வந்தாள், வலது கை பைக்குள். என்னைப் பார்க்கவில்லை.

துணியை விலக்கினாள். பெரியவர்கள் வந்து பார்த்தார்கள். செவரீன் அத்தை மேலாக இருந்த தாளை எடுத்து வானத்துக்கு நேரே பிடித்தாள். வெளிச்சம் சிவப்பாக உள்ளே வந்தது. அழகாகத்தான் இருந்தது, நானே சொல்கிறேன். அத்தை கட்டைவிரலால் கத்தித் தடத்தைத் தடவினாள். இன்னொரு தடவை தடவினாள்.

"அல்போன்சின், உனக்கு எப்போடி இடது கை வந்துச்சு?"

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். பிறகு எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். என் கையைப் பார்த்தார்கள். நான் தேநீர்க் கோப்பையை இடது கையில் பிடித்திருந்தேன்.

அவளும் பார்த்தாள். கெஞ்சவில்லை. சொல்லித் தொலை என்று பார்த்தாள். முழு வெறுப்போடு, நேராக, கண்ணை இமைக்காமல். நேற்று எழுதிய வாக்கியம் வாயில் தயாராக இருந்தது.

"நான்தான் வெட்டினேன், அத்தை," என்றேன். "அண்ணி பக்கத்துல உட்கார்ந்து சொன்னாங்க. அவங்க சொன்னபடி வெட்டினேன்."

அல்போன்சினின் வாய் ஒரு தடவை திறந்து மூடியது. அவ்வளவுதான் அவள் எடுத்துக்கொண்ட நேரம்.

"சொன்னா எங்க கேக்குறா?" என்றாள் அத்தையிடம். "இந்த ஓரத்தைப் பாருங்க. செருப்புக்கு அடி வச்சுத் தைக்கலாம். படிச்ச பொண்ணு, சொன்னதைக் கேக்குமா?"

கரை முழுக்கச் சிரிப்பு. இசிதோர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். எனக்கு முகம் கொதித்தது. அவள் மண்டையில் அந்தப் பேசினைக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. திருடியது என்னிடம், காப்பாற்றியது நான், கடைசியில் என் ஓரம் தடிப்பு!

செவரீன் அத்தை சிரிக்கவில்லை. அவள் பார்வை அல்போன்சினின் மேற்சட்டைப் பையில் கொஞ்ச நேரம் நின்றது. "ரெண்டு பேர் கை," என்றாள். "சரி. போடுங்க."

அல்போன்சின் இடது கையால் ஒரு தாளை எடுத்து நெருப்பில் வைத்தாள். கறி சுருண்டு, கொழுப்பு சீறி, கறுத்தது. வேதியியலில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. அவள் இன்னொன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நீயும் போடு," என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "பாவம் அவன், இத மெல்றதுக்கே அடுத்த வருஷம் ஆயிடும்."

போட்டேன்.

அவள் இருட்டுவதற்கு முன்பே கிளம்பிவிட்டாள். நான் பாத்திரங்களைக் கழுவிக் கொடுத்துவிட்டுச் சற்றுப் பின்னால் வந்தேன். கொட்டகையில் கட்டையைச் செருகியபடியே கதவு ஒரு கை அகலம் திறந்திருந்தது. நான் பெரிதாகப் போட்டுவிட்டுப் போயிருந்த நெருப்பை யாரோ கலைத்து, பாதி விறகை வெளியே இழுத்து, அளவாக்கி வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு பொட்டலம், உறைந்து கல்லாக இருந்தது. மூஸ் மான் தொடை. வெட்டுவதற்கு முன் இரண்டு நாள் உருக வேண்டும்.

கழியில் ஒரு மீன் குறைகிறது. ஆணியில் இருந்த பூட்டையும் காணோம்.